மிசௌரிப் படுகையின் சோளக் குடிகள்: அரிக்காரா மக்களின் சமூக ஏற்பாடும் வேளாண்மை மரபும்

மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த பயிர் என்பதும், கடல் கடந்து வந்து நம் புன்செய்களிலும் தோட்டக்கால்களிலும் இடம் பெற்றது என்பதும் குடியானவர்களுக்குத் தெரிந்த விஷயமே. ஆனால் உஷ்ணப் பிரதேசத்துக்குரிய அப்பயிரை வெகு தூரம் வடக்கே கொண்டு சென்று, உறைபனி இல்லாத காலம் ஏறக்குறைய நான்கு மாதமே உள்ள சமவெளியில் நிலைபெறச் செய்தவர் யாவர் என்பதைப் பலர் அறியார். அவ்விதம் செய்த ஜனங்களுள் அரிக்காரா என்னும் குடியினர் முதன்மையானவர். ஒரு பயிரைச் சுற்றி ஒரு சமூகம் தன் வீட்டையும், உறவு முறையையும், ஊர் ஆட்சியையும், வழிபாட்டையும் எவ்வாறு அமைத்துக் கொள்கிறது என்பதற்கு இவர்களுடைய வரலாறு நல்ல சான்று. விளைநிலத்தை இழந்தால் அவ்வேற்பாடு முழுவதும் எவ்வாறு ஆட்டம் காண்கிறது என்பதையும் அதே வரலாறு காட்டுகிறது. ஆகையால் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் இதைச் சற்று விரிவாக அறிவது பயன் தரும்.

நாடும் மக்களும்

வட அமெரிக்காவின் நடுவே வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் பாயும் பேராறு மிசௌரி. இப்போது தெற்கு டகோட்டா, வடக்கு டகோட்டா எனப்படும் ராஜ்யங்களின் வழியாக அது செல்லும் பகுதியே அரிக்காரா மக்களின் பழைய வாசஸ்தலம். அவர்கள் தம்மை ஸானிஷ் என்று அழைத்துக் கொள்வர். ‘மக்கள்’ என்பதே அதன் பொருள். தெற்கே வாழ்ந்த பானி என்னும் குடியினரின் மொழியும் இவர்களது மொழியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. தெற்கேயிருந்து ஆற்றோரமாகவே, ஊர் ஊராக, பல தலைமுறைகளில் இவர்கள் வடக்கு நோக்கி நகர்ந்து வந்தனர் என்பது புதைபொருள் ஆராய்ச்சியாலும் மொழி ஆராய்ச்சியாலும் தெரிய வருகிறது.

1804-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் லூயிஸ், கிளார்க் என்ற இரு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் ஆற்றுவழியே ஆராய்ச்சிப் பிரயாணம் செய்தபோது, கிராண்டு ஆற்றின் சங்கமத்துக்கு அருகே அரிக்காராக்களின் மூன்று ஊர்களைக் கண்டனர். ஒன்று ஆற்றிடைத் தீவில் இருந்தது; மற்ற இரண்டும் மேல்கரையில் இருந்தன. அப்பிரயாணிகளுக்கு ஊரார் மக்காச்சோளமும் அவரையும் பரங்கியும் கொடுத்து உபசரித்தனர்.

படுகை நிலமும் பயிர்முறையும்

அப்பிரதேசத்தில் வருஷ மழை சுமார் 16 அங்குலமே. மேட்டு நிலத்தில் புல்வேர் பாய்போலப் பின்னிக் கிடக்கும். எலும்பாலும் மரத்தாலும் செய்த கருவிகளால் அதைக் கிளறுவது இயலாது. ஆகவே அரிக்காராக்கள் ஆற்றுப் படுகையைத் தேர்ந்தெடுத்தனர். வெள்ளம் விட்டுச் சென்ற வண்டல் அங்கே பொலபொலவென்று இருக்கும்; ஈரமும் நிற்கும்; கரையோர மரங்கள் காற்றைத் தடுக்கும். புதரை வெட்டி உலர்த்திக் கொளுத்திச் சாம்பலைப் பரப்பி நிலத்தைத் திருத்துவார்கள்.

இவ்வேலை யாவும் பெண்களுடையது. ஆண்கள் காட்டெருமை வேட்டைக்கும் ஊர்க் காவலுக்கும் உரியவர். நிலத்தில் அவர்கள் தனியே பயிரிட்டது புகையிலை ஒன்றே. கூர்மையாக்கிய மரக்கோலால் நிலத்தைக் குத்திக் கிளறி, காட்டெருமையின் தோள்பட்டை எலும்பைக் கம்பில் கட்டிய களைக்கொட்டினால் மண்ணை அணைத்து, மான்கொம்பாலோ வளாராலோ செய்த வாரியினால் குப்பையை ஒதுக்குவார்கள். சாலடித்து விதைப்பது அவர்கள் முறையன்று. சிறு சிறு மண்மேடுகள் கூட்டி, ஒவ்வொன்றிலும் சில மணிகளை ஊன்றுவார்கள். சோளத்தோடு அவரையும் வரும். பரங்கிக்கும் சூரியகாந்திக்கும் தனி இடம் உண்டு. களையெடுப்பும் மண்ணணைப்பும் பருவம் தவறாமல் நடைபெறும்.

கதிர் பால் பிடிக்கும் காலத்தில் பறவைகளின் உபத்திரவம் அதிகம். வயலில் பரண் கட்டி, இளம்பெண்கள் அதன்மேல் அமர்ந்து பாடிக்கொண்டே காவல் காப்பது மிசௌரிக் கரைக் குடிகள் எல்லாரிடத்தும் காணப்பட்ட வழக்கம். குழந்தையைத் தாலாட்டுவதுபோல் பயிருக்கும் பாட்டு வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

1811-ஆம் வருஷத்தில் இவ்வூர்களுக்கு வந்த ஜான் பிராட்பரி என்னும் ஆங்கிலத் தாவர சாஸ்திரி, ஏரும் மாடும் கொண்டு உழும் வெள்ளைக்காரக் குடியானவர்களின் சோளப் பயிரும்கூட இதைவிடச் செம்மையாகப் பராமரிக்கப்பட்டதைத் தாம் கண்டதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். எலும்புக் கொட்டும் கைவேலையும் கொண்டு பெற்ற நற்சாட்சி இது.

விதைத் தேர்ச்சியும் சேமிப்பும்

அரிக்காராக்களின் சோளம் நாம் காணும் சோளத்தைப்போல் உயரமானதன்று. செடி மூன்று நான்கு அடிக்கு மேல் வளர்வது அரிது. கதிர்கள் தூருக்கு அருகிலேயே காய்க்கும். காற்றுக்கும் வறட்சிக்கும் தாங்கி, இரண்டு இரண்டரை மாதத்துக்குள் முற்றிவிடும். கடின மணி வகை, மாவு மணி வகை எனப் பல ரகங்கள் இருந்தன. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் எனப் பல நிறங்களும் இருந்தன. முந்திய பனிக்கும் பிந்திய பனிக்கும் இடையே முற்றிய கதிர்களையே தலைமுறை தலைமுறையாக விதைக்கு எடுத்து வந்ததன் பலன் இது.

அரிக்காராக்களுடன் பிற்காலத்தில் ஒரே ஊரில் வாழ்ந்த ஹிடாட்சா குடியைச் சேர்ந்த மாக்ஸிடிவியாக் என்னும் மூதாட்டி, தம் இனத்துப் பயிர்முறையை விவரமாகச் சொல்ல, கில்பர்ட் வில்சன் என்பவர் அதை எழுதி 1917-இல் வெளியிட்டார். வெவ்வேறு நிறச் சோளத்தை அடுத்தடுத்து ஊன்றினால் ஒன்று மற்றதன் கதிருக்குள் சென்றுவிடும். ஆதலால் தூரத் தூர வைக்க வேண்டும் என்று அம்மூதாட்டி கூறியிருக்கிறார். மகரந்தக் கலப்பு என்னும் பெயரை அறியாவிட்டாலும் அதன் விளைவை அவர்கள் செவ்வனே அறிந்திருந்தனர். விளைச்சல் நன்றாக வந்த வருஷத்தில் ஒரு வருஷத்து விதையோடு நில்லாமல் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து ஒதுக்குவது அவர்கள் வழக்கம்; பயிர் ஒருமுறை பனியில் அழிந்தாலும் விதை அற்றுப் போகாது.

அறுவடை இருமுறை நடைபெறும். ஆகஸ்டு மாதத்தில் பால் மாறாத கதிர்களைப் பறித்து வேகவைத்து, மணியை உதிர்த்து, வெயிலில் உலர்த்துவது முதலாவது. நன்கு முற்றிய கதிர்களைச் செப்டம்பரில் ஒடித்து, மேலுறையைப் பின்னிச் சரமாக்கி, வீட்டு முன்னுள்ள மேடைகளில் தொங்கவிடுவது இரண்டாவது. பரங்கியை வட்ட வட்டமாக அரிந்து கோத்துக் காயவைப்பார்கள்.

காய்ந்த தானியத்துக்கு நிலத்துக்குள்ளே குழி உண்டு. வாய் குறுகி அடி அகன்று மணி வடிவாக, ஓர் ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்கும் மேலாகத் தோண்டி, உட்புறம் உலர்ந்த புல்லைப் பரப்பி, சரங்களைச் சுற்றிலும் அடுக்கி, நடுவில் உதிர் மணியைக் கொட்டுவார்கள். ஊரார் வேட்டைக்கோ குளிர்காலக் குடியிருப்புக்கோ செல்லும்போது குழியின் வாயை மூடி, இடம் தெரியாதபடி செய்துவிடுவார்கள். பழைய ஊர்களின் இடங்களைத் தோண்டிய ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய குழிகளை ஏராளமாகக் கண்டிருக்கிறார்கள்.

வீடும் உறவும்

அரிக்காரா வீடு வட்டமானது. நடுவில் நான்கு பெரிய தூண்கள். சுற்றிலும் சிறு தூண்களின் வரிசை. மேலே உத்தரமும் கைமரமும். அவற்றின்மேல் வளார்ப் படல், புல், அதன்மேல் கனத்த மண். நடுவே அடுப்பு, அதற்கு நேர் மேலே புகை செல்லும் துவாரம். வாயிலில் மூடிய நடை ஒன்று இருக்கும். இவ்விதமான வீடு குளிரையும் வெப்பத்தையும் ஒருங்கே தாங்கும். ஆனால் மரம் இற்றுப் போவதால் சுமார் பத்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பாரமான தூண்களைத் தூக்கி நிறுத்த ஆண்கள் உதவுவர். மற்ற வேலையெல்லாம் பெண்களைச் சேர்ந்தது.

கட்டுபவளே உடையவள் என்பது அவர்கள் நியாயம். வீடு, வயல், விதை, கருவிகள், குழியிலுள்ள தானியம் ஆகியவை பெண்களின் சொத்து. விவாகமான ஆண் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வான். தாய், அவள் சகோதரிகள், அவர்களுடைய பெண்கள், பேத்திகள் ஆகியோர் ஒரே கூரையின் கீழிருந்து ஒரே நிலத்தில் உழைப்பார்கள். தாயின் சகோதரியும் குழந்தைக்குத் தாயே. அவள் பிள்ளைகள் உடன்பிறந்தாரே. வேட்டையில் கணவனுக்கு ஆபத்து நேர்ந்தாலும் மனைவி மக்கள் நிலமும் வீடும் இன்றித் தவிக்க நேரிடாது. ஒரு குடும்பம் தொடர்ந்து பயிரிடும் நிலத்தில் பிறர் தலையிடுவதில்லை.

ஊர் ஏற்பாடு

முற்காலத்தில் இக்குடியினர் பல சிறு ஊர்களாகப் பிரிந்திருந்தனர். பன்னிரண்டு பிரிவுகள் இருந்தன என்ற மரபை மெல்வின் கில்மோர் என்னும் ஆராய்ச்சியாளர் 1920-களில் அம்மக்களின் முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்தார். ஒவ்வோர் ஊருக்கும் தலைவன் ஒருவன் உண்டு. அவ்வூருக்கே உரிய புனிதப் பொதி ஒன்றும் உண்டு. சோளக் கதிர், பறவைத் தோல், புகைக்குழல் முதலியவை அதில் பொதிந்திருக்கும். ஊரின் உற்பத்திக் கதையையும், சடங்கு முறைகளையும், நல்லொழுக்க விதிகளையும் பொதியைப் பேணுபவர் மனப்பாடமாக வைத்திருந்து அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க வேண்டும். எழுத்தில்லாத சமூகத்தில் ஊர்க் கணக்கும் புராணமும் தர்ம சாஸ்திரமும் அதுவே எனலாம்.

தலைவனுக்கு அதிகாரத்தைவிடக் கடமையே அதிகம். ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் கொடுப்பவனே தலைவன் எனப்படுவான். காரியங்கள் சபையில் பேசி முடிவாகும். ஒழுங்கைக் காக்க வீரர் சங்கங்கள் இருந்தன. வைத்தியர் சங்கங்களும் பல இருந்தன. கரடி, காட்டெருமை முதலிய விலங்குகளைத் தம் காவலாகக் கொண்ட இச்சங்கத்தார் ஊர் நடுவேயுள்ள பெரிய மண்டபத்தில் வருஷந்தோறும் கூடி வியக்கத்தக்க வித்தைகளைச் செய்து காட்டுவர். அதற்காக அவர்கள் அயலூர்களிலும் பெயர் பெற்றிருந்தனர்.

1804-இல் வந்த பிரயாணிகள் சாராயம் கொடுத்தபோது அரிக்காராக்கள் அதை ஏற்கவில்லை. தங்களைப் புத்தி கெடச் செய்யும் பானத்தைத் தந்தை முறை கொண்டாடும் ஒருவர் எங்ஙனம் பரிசாக அனுப்பலாம் என்று அவர்கள் வியந்ததாகப் பிரயாணக் குறிப்பில் காணப்படுகிறது. ஊர்க் கட்டுப்பாடு உறுதியாயிருந்ததற்கு இதுவே போதிய அடையாளம்.

தாய்ச் சோளம்

அம்மக்களின் உற்பத்திக் கதையில் வழிகாட்டி சோளமே. ஆதியில் மக்கள் பூமிக்குள் இருளில் இருந்தனராம். மேலுலகத் தலைவனால் அனுப்பப்பட்ட தாய்ச் சோளம் இறங்கிச் சென்று அவர்களை அழைத்தாளாம். வளை தோண்டும் சிறு பிராணிகள் மண்ணைக் குடைந்து வழி உண்டாக்கின. வெளியே வந்தவர்கள் நடந்து செல்கையில் ஆழ்ந்த பள்ளம், அடர்ந்த காடு, பெருநீர் ஆகிய தடைகள் குறுக்கிட்டன; ஒவ்வொன்றையும் கடக்க ஒவ்வொரு பறவையோ விலங்கோ உதவிற்று. இறுதியில் தாய்ச் சோளம் அவர்களுக்குப் பயிர் செய்யவும் சடங்கு நடத்தவும் கற்பித்தாள்.

ஊர் மண்டபத்தின் முன்னே ஒரு கல்லும் ஒரு தேவதாரு மரமும் இருக்கும். கல்லைப் பாட்டன் என்றும், மரத்தைப் பாட்டி என்றும் போற்றுவர். தேவதாரு மரத்தை வருஷத்துக்கு ஒரு முறை மரியாதையோடு கொணர்ந்து நடுவார்கள். அதன் காலம் முடிந்ததும், குழந்தைகள் அணிந்து தேய்ந்த சிறு பாதரட்சைகளை அதில் கட்டி மிசௌரி ஆற்றில் விடுவார்கள். முன்னோர் வாழ்ந்த பழைய ஊர்களெல்லாம் ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருந்தன அல்லவா? மிதந்து செல்லும் மரம் அவ்வூர்களைக் கடக்கும்போது, நம் குடி அழியவில்லை, குழந்தைகள் வளர்ந்து வருகிறார்கள் என்ற செய்தியை முன்னோர்க்குத் தெரிவிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

தானிய வாணிகம்

தம் உணவுக்கு மேல் விளைந்த சோளத்தை அரிக்காராக்கள் விற்றனர். ஷயென் முதலிய வேட்டைக் குடியினர் குதிரை, உலர்ந்த இறைச்சி, தோல் ஆகியவற்றைக் கொண்டுவந்து சோளமும் அவரையும் புகையிலையும் பெற்றுச் சென்றனர். இதனால் கிராண்டு ஆற்றுச் சங்கமம் சமவெளியின் பெரிய சந்தைகளுள் ஒன்றாயிற்று. வலிமை மிக்க சியூ குடியினரும் இவர்கள் தானியத்தை நம்பியிருந்தனர். எனினும் அவர்களோடு நட்பும் பகையும் மாறி மாறி வந்தன. ஆற்றைக் கடப்பதற்கு வளார்க் கூட்டின்மேல் காட்டெருமைத் தோலைப் போர்த்த பரிசல்களைப் பெண்களே செலுத்தினர்.

இவர்களது விதை வெகு தூரம் பரவியது. லூயிஸ், கிளார்க் பிரயாணத்தால் கிடைத்த அரிக்காரா அவரையை, அமெரிக்காவின் ஜனாதிபதியாயிருந்த தாமஸ் ஜெபர்சன் 1809-இல் தம் மாண்டிசெல்லோ தோட்டத்தில் பயிரிட்டார். பிற்காலத்தில் பிஸ்மார்க் நகரத்தில் ஆஸ்கர் வில் என்பவரின் விதை நிலையம் மிசௌரிக் குடிகளின் சோளத்தையும் அவரையையும் விலைப்பட்டியலில் சேர்த்து வெள்ளைக்காரக் குடியானவர்களுக்கு விற்றது. கிழக்கு ராஜ்யங்களிலிருந்து கொண்டுவந்த ரகங்கள் பனியில் கருகிய இடத்தில் இவை விளைந்தன. அவருடைய குமாரர் ஜார்ஜ் வில், ஜார்ஜ் ஹைட் என்பவரோடு சேர்ந்து இச்சோள வகைகளைப் பற்றி 1917-இல் ஒரு நூலே எழுதினார்.

வைசூரியும் போரும்

சந்தையாயிருந்த ஊருக்கு வியாதியும் எளிதில் வந்தது. முற்காலத்தில் முப்பத்திரண்டு பெரிய ஊர்கள் இருந்தன என்றும், மூன்று முறை வந்த வைசூரியால் அவை பாழாயின என்றும் 1795-இல் அங்கே தங்கிய துருத்தோ என்னும் வியாபாரி எழுதினார். எஞ்சிய மக்கள் இரண்டு மூன்று ஊர்களில் ஒடுங்கினர். பல ஊர்த் தலைவர்கள் ஓரூரில் சேர்ந்தபோது ஒருவர் சொல்லை மற்றவர் கேளாமல் பிணக்குகளும் உண்டாயின. 1823-இல் வெள்ளைத் தோல் வியாபாரிகளுடன் போர் மூண்டு, அமெரிக்கச் சேனை வந்து ஊர்களைத் தாக்கிற்று. ஜனங்கள் அவற்றை விட்டு வெளியேறினர். 1837-இல் நீராவிக் கப்பல் வழியாக மீண்டும் வந்த வைசூரி, அண்டைக் குடியான மாண்டன்களை ஏறக்குறைய அழித்தது. அரிக்காராக்களிலும் பெருந்தொகையினர் மாண்டனர்.

பின்னர் 1862-இல் அரிக்காராக்கள் மாண்டன், ஹிடாட்சா குடிகளோடு ஒரே ஊரில் சேர்ந்து, மூன்று குடிகளும் ஒருங்கே தற்காத்துக் கொண்டனர். 1870-இல் போர்ட் பெர்த்தோல்டு என்னும் ஒதுக்கு நிலம் அவர்களுக்கு வரையறுக்கப்பட்டது. பிறகு அது பல தடவை குறைக்கப்பட்டது. 1880-களில் தொடங்கி ஊர் கலைந்தது. குடும்பங்கள் படுகையில் தனித்தனி நிலங்களுக்குச் சென்றன. ஏரும் கால்நடையும் வந்தன. நில உரிமை குடும்பத் தலைவனான ஆணின் பெயருக்கு மாறியது. ஆயினும் படுகையிலேயே இருந்ததால் சோளமும் அவரையும் பரங்கியும் கைவிடப்படவில்லை.

படுகை நீருள் மறைந்தது

மிசௌரி வெள்ளத்தைத் தடுக்கவும் மின்சாரம் உண்டாக்கவும் கேரிசன் என்னும் பெரிய அணையை ராணுவப் பொறியியல் படையினர் 1947-இல் கட்டத் தொடங்கினர். நீர் தேங்கும் இடம் போர்ட் பெர்த்தோல்டின் படுகையே. 1948-ஆம் வருஷம் மே மாதம் 20-ஆம் தேதி வாஷிங்டனில் நில ஒப்பந்தம் கையெழுத்தானபோது, மூன்று குடிகளின் சபைத் தலைவரான ஜார்ஜ் ஜில்லெட் முகத்தைக் கையால் மூடி அழுத காட்சி புகைப்படமாக நிலைத்திருக்கிறது. 152,360 ஏக்கர் எடுக்கப்பட்டது. அம்மக்களின் விளைநிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அதில் அடங்கியது. சுமார் 325 குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. பள்ளியும் ஆஸ்பத்திரியும் இருந்த எல்போவுட்ஸ் நகரமும், அரிக்காராக் குடியிருப்பான நிஷுவும் 1953-இல் தொடங்கித் தேங்கிய நீருள் மறைந்தன. அரிக்காராக்களில் பெரும்பாலோர் ஒயிட் ஷீல்டு என்னும் மேட்டுப் பகுதியில் குடியேறினர்.

ஈடாகக் கிடைத்த தொகை சுமார் 126 லட்சம் டாலர். அது போதாது என்று பல வருஷம் முறையிட்டதன்மேல், 1992-இல் மேலும் 14 கோடியே 92 லட்சம் டாலர் வழங்கச் சட்டமாயிற்று. பணம் கிடைத்தது, வண்டலும், விறகும், நிழலும், அண்டை வீடும் கிடைக்கவில்லை. மேட்டில் காற்று கடுமை. கிணற்று நீர் ஆழம். பழைய ரகங்களுக்கேற்ற மண் இல்லை. நீர்த்தேக்கம் ஒதுக்கு நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்ததால், நடந்து சென்று உறவினரைக் கண்டவர்கள் வெகு தூரம் சுற்ற வேண்டியதாயிற்று. கீழே ஓவாஹி அணை 1958-இல் ஆற்றை மறித்தபின், கிராண்டு ஆற்றுப் பழைய ஊர்களின் இடங்களையும் நீர் சூழ்ந்தது. பாட்டி மரம் மிதந்து சென்ற வழியில் இவ்விதம் இரண்டு அணைகள் குறுக்கே நிற்கின்றன.

எனினும் குடி அற்றுப் போகவில்லை. டக்ளஸ் பார்க்ஸ் என்னும் மொழி வல்லுநர் முதியோரிடம் கேட்டுத் தொகுத்த கதைகள் 1991-இல் நான்கு பெரிய தொகுதிகளாக வெளிவந்தன. விதை சேமிப்போர் கைகளில் அரிக்காரா அவரையும் சோளமும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

கவனிக்கத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் மூன்று விஷயங்களை மனத்தில் கொள்ளலாம். முதலாவது, ஓரிடத்தின் பருவத்துக்கு இசைந்த விதை பல தலைமுறைத் தேர்ச்சியால் உண்டாவது. அதைத் தொலைத்தால் விலை கொடுத்து வாங்குவதற்கு வேறு கடை இல்லை. புதிய ரகத்தை வரவேற்கும் மிராசுதாரர் பழைய ரகத்தில் ஒரு சிறு பாத்தியாவது தனியே பயிரிட்டு, கலப்பின்றி விதை எடுத்து வருவது நலம். இரண்டாவது, விதையை ஒரு வருஷத்துக்கு மட்டும் வைப்பது போதாது. நல்ல விளைச்சலின்போது மறுவருஷத்துக்கும் ஒதுக்கி, ஈரமும் பூச்சியும் அணுகாமல் காப்பதே இடர்க்காலக் காப்பு.

மூன்றாவது கிராம அதிகாரிகளுக்கு முக்கியமானது. ஒரு பொது வேலைக்காக நிலம் எடுக்கப்படும்போது கணக்கில் ஏறுவது ஏக்கரும் தரமும் விலையும் மட்டுமே. அந்நிலத்தில் யார் யாரோடு கூடி உழைக்கிறார்கள், பெண்களுக்கு எந்த நிலத்தில் என்ன அனுபவம் உண்டு, எந்தக் கிணறும் பாதையும் கோயிலும் அதைச் சார்ந்திருக்கின்றன, எந்த விதை அம்மண்ணில் மட்டும் விளைகிறது என்பவை அடங்கலில் இல்லை. அவற்றை அறிந்தவர் கிராமத்தில் இருப்பவரே. விசாரணைக்கு மேலதிகாரி வரும் நாளில் அவற்றை எழுத்து மூலமாக முன்வைப்பது அவர்கள் கடமை. நீர் ஏறிய பிறகு அவற்றை எடுத்துரைப்பதால் பயனில்லை.